சூட்டில் நின்றுபோகும் பழைய கார்: ஸ்பார்க்கைத் தேடும்போது செய்யக்கூடாதவை

அம்பாசிடரோ பத்மினியோ ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, வெயில் காலத்தில் பழைய கார்க்காரர்களின் புகார் அநேகமாக ஒன்றுதான். காலையில் ஒரே செல்ஃபில் கிளம்புகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் ஊர்ந்தால் முதலில் ஒரு மிஸ்ஸிங், அப்புறம் ஒரு குலுக்கல், அப்படியே நின்றுவிடுகிறது. செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிப்பதில்லை. அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பி வீட்டுக்கு வந்துவிடுகிறது.

மறுநாள் காலை, நன்றாக ஆறிய வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விடுகிறோம். அவர் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார், ஸ்பார்க் (பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறி) பளிச்சென்று அடிக்கிறது. சந்தேகத்துக்கு, பேட்டரியின் வோல்ட்டை ஸ்பார்க்குக்கு வேண்டிய அளவுக்கு உயர்த்தும் காயில் மாறும். அடுத்த வாரம் திருவொற்றியூர் தேரடி பக்கம் மறுபடி நிற்கும். அப்புறம் கரண்டைச் சிறிது நேரம் தேக்கும் கண்டென்சர், அப்புறம் ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டர், கேப். சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கொடுத்த காசுக்குக் கணக்கே இருக்காது. தவறுகளிலேயே பெரியது இதுதான். சூட்டில் வரும் கோளாறை ஆறிய வண்டியில் தேடினால் கிடைக்காது. வண்டி நின்ற முதல் ஐந்து நிமிடத்தில், பானட்டைத் திறந்து, ஸ்பார்க் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். டிக்கியில் ஒரு பழைய பிளக், 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர் இழுத்த ஒரு டெஸ்ட் லேம்ப், முதலைக் கிளிப் மாட்டிய ஒரு உபரி கண்டென்சர் இருந்தால் போதும். ஒரு சிலிண்டரின் ஒயரைப் பிளக்கிலிருந்து பிடுங்கி உபரி பிளக்கில் செருகி, பிளக்கின் உடம்பை இன்ஜினில் படும்படி வையுங்கள். யாராவது செல்ஃப் அடிக்கட்டும். ஒயரைக் கையால் பிடிக்காதீர்கள், அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும். நீலமாகச் சொடுக்கிக்கொண்டு அடித்தால் ஸ்பார்க் சரி, பெட்ரோல் பக்கம் போகலாம். மஞ்சளாக, மெல்லியதாக வந்தாலோ வராவிட்டாலோ கோளாறு கரண்ட் பக்கம்தான்.

இதைப் பார்க்காமல் பலர் செய்வது வேறு. ஈரத் துணியை எடுத்துக் காயில் மேலும் போடுகிறார்கள், பெட்ரோல் பம்ப் மேலும் போடுகிறார்கள். வண்டி கிளம்பிவிடும், எது ஆறியதால் கிளம்பியது என்று மட்டும் தெரியாது. அம்பாசிடரின் பெட்ரோல் பம்ப் இன்ஜின் உடம்பிலேயே போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்தாலும் வண்டி இதே மாதிரிதான் நிற்கும், ஆறினால் இதே மாதிரிதான் கிளம்பும். துணி போடுவதானால் ஒன்றின் மேல் மட்டும் போட்டுப் பாருங்கள். ஸ்பார்க் சோதனை நடக்கும்போது பெட்ரோல் குழாயைக் கழற்றவே வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் மேல் வாளித் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். கேப்புக்குள் ஈரம் இறங்கினால் இல்லாத கோளாறு ஒன்று புதிதாகச் சேரும்.

ஸ்பார்க் இல்லை என்று தெரிந்ததும் எல்லாரும் முதலில் தொட்டுப் பார்ப்பது காயிலைத்தான். கை வைக்க முடியாத சூடு, ஆகவே காயில் போச்சு! இந்தத் தீர்ப்பு அவசரமானது. நன்றாக வேலை செய்யும் காயிலும் வெயிலில், இன்ஜின் சூட்டில், கை பொறுக்காத அளவுக்குச் சுடும். மீட்டரில் அளந்தாலும் ஏமாறலாம். செப்புக் கம்பி சூடாகச் சூடாக அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறும். ஆறியபோது 3 ஓம் காட்டும் பிரைமரி (பேட்டரி கரண்ட் ஓடும் சுருள்), 100 டிகிரியில் 3.8 வரை காட்டுவது இயல்பு. முள் முடிவிலிக்குப் போனால்தான் உள்ளே கம்பி விட்டிருக்கிறது என்று அர்த்தம். அதுவும் சூட்டில் மட்டும் விடுகிற கம்பியாக இருக்கலாம், காலையில் அளந்தால் அகப்படாது.

காயில் உண்மையிலேயே கெடுவதற்குப் பல நேரம் நாமே காரணம். தொண்டையார்பேட்டைப் பட்டறை ஒன்றில் வயதான மெக்கானிக் கெட்டுப்போன காயிலைக் கையில் வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "வண்டி நிக்கிறப்போ சாவிய ஆன்ல வச்சு பாட்டு கேப்பீங்களா சார்?" சரியான கேள்வி. நான்கு சிலிண்டர் லூகாஸ் கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டரில், காயிலின் கரண்டை விட்டும் தடுத்தும் வேலை செய்யும் சுவிட்சான பாயிண்ட் ஒரு சுற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நேரம் மூடியே இருக்கும். ஆகவே இன்ஜின் நிற்கும்போது பாயிண்ட் மூடிய நிலையில் நிற்கத்தான் வாய்ப்பு அதிகம். அப்போது சாவி ஆனில் இருந்தால் 3 ஓம் காயிலில் 4 ஆம்பியர் விடாமல் ஓடும். அது 48 வாட், ஒரு சால்டரிங் அயர்னை டப்பாவுக்குள் மூடி வைத்த மாதிரி.

காயில் வாங்குவதிலும் ஒரு கோட்டை விடல் உண்டு. பேலஸ்ட் ரெசிஸ்டருடன் (கரண்டைக் குறைக்கும் தனித் தடை) சேர்த்துப் போட வேண்டிய காயில் சுமார் 1.5 ஓம்தான் இருக்கும். பார்வைக்கு 3 ஓம் காயிலும் இதுவும் ஒன்றே. அதைப் பேலஸ்ட் இல்லாத பழைய வண்டியில் நேரடியாக மாட்டினால் சில நாள் ஸ்பார்க் அபாரமாக இருக்கும், பிறகு காயிலும் வேகும், பாயிண்டும் கருகும். கடையிலேயே மீட்டர் வைத்து அளந்து வாங்குங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

என் அனுபவத்தில் அதிகம் தப்பித்துக்கொள்ளும் குற்றவாளி கண்டென்சர். சுண்டுவிரல் அளவு டப்பா, 0.2 மைக்ரோஃபாரட் பக்கம் மதிப்பு, விலையும் அற்பம். ஆறியபோது நன்றாக இருந்து, சூட்டில் உள்ளே இணைப்பு விலகும். அப்போது கேப்பைக் கழற்றிவிட்டுச் செல்ஃப் அடித்தால், பாயிண்ட் திறக்கும் இடத்தில் ஊசிமுனை நீலப் பொறிக்குப் பதிலாகத் தடித்த வெள்ளைப் பொறி தெறிப்பது கண்ணுக்கே தெரியும். பாயிண்ட் முகத்தில் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியும் சீக்கிரமே விழுந்தாலும் சந்தேகப்படலாம். டிக்கியில் இருக்கும் உபரி கண்டென்சரின் ஒயரைக் காயிலின் பாயிண்ட் பக்க முனையிலும், அதன் உடம்பை எர்த்திலும் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் இன்ஜின், பாடி உலோகம்) கிளிப் போட்டுப் பாருங்கள். உடனே கிளம்பினால் விடை கிடைத்துவிட்டது. கிளம்பாவிட்டால் கண்டென்சர் மேல் குற்றமில்லை என்று முடிவுகட்ட வேண்டாம், அது ஷார்ட் ஆகியிருக்கலாம். பழையதின் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். "அந்தக் காலத்துச் சரக்கு" என்று பல வருடம் அலமாரியில் கிடந்த கண்டென்சரைத் தேடி வாங்குவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. உள்ளே இருக்கும் காகிதம் ஈரம் குடித்திருக்கும். நம் ஊர்க் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம்.

டெஸ்ட் லேம்பை இங்கே பயன்படுத்துங்கள். காயிலின் பாயிண்ட் பக்க முனைக்கும் எர்த்துக்கும் இடையே பிடித்துச் செல்ஃப் அடித்தால் பல்பு விட்டு விட்டு எரிய வேண்டும். அப்படி எரிந்தும் ஸ்பார்க் இல்லையென்றால் காயில் அல்லது கண்டென்சர், இல்லாவிட்டால் ரோட்டர், கேப். விடாமல் எரிந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது அதற்குப் போகும் ஒயர் அறுந்திருக்கிறது. எரியவே இல்லையென்றால் காயிலுக்குக் கரண்ட்டே வரவில்லை, இல்லாவிட்டால் எங்கோ எர்த் ஆகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போகும் அந்த மெல்லிய பின்னல் ஒயரை யாரும் பார்ப்பதில்லை. மேலே துணி உறை நன்றாக இருக்கும், உள்ளே இழை அறுந்திருக்கும். இன்ஜினின் வேக்குவம் (உறிஞ்சும் இழுப்பு) இழுத்து, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு நகரும்போது மட்டும் விட்டுப்போகும்.

பாயிண்டைச் சுத்தம் செய்ய உப்புத்தாள் போடாதீர்கள், அதன் மணல் முகத்திலேயே தங்கும். பாயிண்டைத் தள்ளித் திறக்கும் கேமில் கிரீஸைத் தாராளமாக அப்புவதும் தப்பு, சூட்டில் இளகி பாயிண்டில் தெறிக்கும். அதே சமயம் கிரீஸே இல்லாவிட்டால் கேமில் உரசும் பாயிண்டின் குதிகால் தேயும், இடைவெளி குறையும், டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) பின்தங்கும். பின்தங்கிய டைமிங்கால் இன்ஜினே கூடுதலாகச் சூடாகும் என்பதை மறந்து ரேடியேட்டரைக் குறை சொல்பவர்கள் நிறைய. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. பத்மினியில் வேறு டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தால் அதன் அளவும் வேறு. ஒன்றின் கணக்கை மற்றதற்குப் போடக்கூடாது.

காசிமேடு, ராயபுரம், எண்ணூர் பக்கம் வண்டி நிறுத்துபவர்களுக்கு எர்த் ஒரு தனித் தலைவலி. உப்புக் காற்றில் இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான பட்டை பச்சை பூத்துவிடும். பாயிண்ட் மூடி, சாவி ஆனில் இருக்கும்போது, பேட்டரியின் எர்த் முனைக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கும் இடையே மீட்டரில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

இதெல்லாம் வேண்டாம் என்று, பாயிண்டின் வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் சூட்டை அதுவும் விரும்பாது. கிட்டின் மின்னணுப் பெட்டியான மாட்யூலை எக்ஸாஸ்ட் பக்கம் திருகுவது, அதற்கு அடியில் தடவச் சொல்லும் வெப்பப் பசையைத் தடவாமல் விடுவது, கிட் கேட்கும் ஓமுக்குக் குறைவான காயிலை மாட்டுவது, எல்லாமே அதைக் கொல்லும். சாகும்போது மிஸ்ஸிங் கொடுத்து எச்சரிக்கவும் செய்யாமல் போகலாம். கழற்றிய பழைய பாயிண்ட், கண்டென்சர், தட்டு மூன்றையும் ஒரு பையில் போட்டு, பாயிண்ட் இடைவெளியை அளக்கும் சரியான ஃபீலர் கேஜுடன் டிக்கியிலேயே வையுங்கள்.