தமிழ்ப் பத்தியின் நீளத்தையும் எளிமையையும் அளப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிப்பவர்களுக்கு ஒரு குறிப்பை எழுதி, அதை ஏற்காட்டில் சுவரொட்டியாக ஒட்டவும் கைபேசிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பவும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பு இதுதான்:

“காப்பிப் பழங்களைப் பறித்தவுடன் தண்ணீரில் போட்டு மிதப்பவற்றைப் பிரித்தெடுத்துவிட்டு மூழ்கியவற்றை மட்டும் அன்றைக்கே தோல் நீக்கும் இயந்திரத்தில் இடவேண்டும்.”

இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் வேலைக்கு நடுவில் படிப்பவருக்கு இது எளிதா என்பதை ஊகத்தால் சொல்லாமல் எண்ணிப் பார்த்துச் சொல்வதற்கான வழியைப் படிப்படியாகப் பார்ப்போம். தாளும் பென்சிலும் போதும்.

முதல் படி, எழுத்துகளை எண்ணுவது. இதில் கணினியின் கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாது. “சேலம்” என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்துகள்தான். கணினி எழுத்துகளைப் பதிந்துவைக்கும் யூனிகோடு முறையிலோ ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என ஐந்து குறியீடுகள் உள்ளன. நீங்கள் பயன்படுத்தும் செயலியில் “சேலம்” என்று தட்டச்சு செய்து எழுத்து எண்ணிக்கையைப் பாருங்கள். ஐந்து என்று காட்டினால் அது குறியீடுகளை எண்ணுகிறது என்று பொருள். ஆகவே எழுத்துகளைக் கையால் எண்ணுங்கள்: உயிரெழுத்து ஒன்று, உயிர்மெய் ஒன்று, புள்ளி வைத்த மெய் ஒன்று. நம் குறிப்பில் 79 எழுத்துகள் இருக்கின்றன.

குறியீட்டுக் கணக்கும் வீண் அல்ல. குறுஞ்செய்திக்கு அதுதான் அளவுகோல். தமிழில் எழுதும் ஒரு குறுஞ்செய்தியில் 70 குறியீடுகள் அடங்கும். செய்தி அதைத் தாண்டிப் பல பகுதிகளாகப் பிரிந்தால் பகுதி ஒன்றுக்கு 67 தான் கிடைக்கும். இடைவெளிகளையும் முற்றுப்புள்ளியையும் சேர்த்து நம் குறிப்பில் 153 குறியீடுகள் உள்ளன. எனவே அது மூன்று பகுதிகளாகப் போகும்.

இரண்டாம் படி, சொற்கள். இடைவெளியை வைத்து எண்ணினால் 14 வருகிறது. “பிரித்தெடுத்துவிட்டு” என்பதை ஒருவர் சேர்த்தும் மற்றொருவர் “பிரித்தெடுத்து விட்டு” என்று பிரித்தும் எழுதுவார்கள் என்பதால், இரண்டு பத்திகளை ஒப்பிடும்போது எதைச் சேர்ப்பது, எதைப் பிரிப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து இரண்டிலும் ஒரே மாதிரி பின்பற்ற வேண்டும். இந்த ஒழுங்கு இல்லாமல் எடுக்கும் சராசரிக்கு எந்த மதிப்பும் கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

வாக்கியங்களை எண்ணுவதில் ஒரே ஒரு எச்சரிக்கை போதும்: “கி.மீ.”, “ரூ.” போன்ற சுருக்கங்களிலும் பெயரின் முன்னெழுத்துகளிலும் வரும் புள்ளிகளை வாக்கிய முடிவாகக் கொள்ளாதீர்கள்.

மூன்றாம் படி, உயிரொலிகள். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் எத்தனை உயிரொலிகள் என்று அறிய உச்சரிப்பைத் தேட வேண்டியிருக்கும். தமிழில் புள்ளி எழுத்துகளையும் ஆய்தத்தையும் விட்டுவிட்டு எஞ்சியவற்றை எண்ணினாலே போதும். “ஏற்காடு” என்பதில் ற் நீங்கலாக ஏ, கா, டு என மூன்று. (யாப்பில் சொல்லும் அசை வேறு, அங்கே இரண்டு குறில்கள் சேர்ந்து ஒரே நிரையசை ஆகிவிடும்.) நம் 79 எழுத்துகளில் 29 மெய்கள், எஞ்சுபவை 50 உயிரொலிகள்.

இந்த எண்களை, ஆங்கிலப் பத்தியின் எளிமையை அளக்க ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் வகுத்த வாய்பாட்டில் இட்டுப் பார்க்கலாம் என்று பலருக்கும் தோன்றும். அந்த வாய்பாடு, 206.835 என்ற எண்ணிலிருந்து வாக்கியத்துக்குச் சராசரிச் சொற்களின் 1.015 மடங்கையும், சொல்லுக்குச் சராசரி உயிரொலிகளின் 84.6 மடங்கையும் கழிக்கச் சொல்கிறது. விடை 100ஐ நெருங்க நெருங்க எளிமை கூடுகிறது என்று கொள்வார்கள். நம் குறிப்புக்குக் கிடைப்பது கழித்தல் 109.5, அதாவது சுழிக்கும் கீழே. வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் தமிழுக்கு அந்த 84.6 பொருந்தவே பொருந்தாது. ஆகவே, ஆங்கில வாய்பாட்டைக் கொண்டு தமிழ்ப் பத்திக்கு மதிப்பெண் போடும் கருவியைப் பார்த்தால் அந்த மதிப்பெண்ணைப் பொருட்படுத்தாதீர்கள்.

அதற்கு மாற்றாக நான் மூன்று எண்களை மட்டும் குறித்துக்கொள்கிறேன்: வாக்கியத்துக்குச் சராசரிச் சொற்கள், சொல்லுக்குச் சராசரி எழுத்துகள், ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட எழுத்துகள் கொண்ட சொற்களின் எண்ணிக்கை. நம் குறிப்பில் அவை முறையே 14, 5.64, 5. நெடுஞ்சொல் ஐந்தில் “பிரித்தெடுத்துவிட்டு” மட்டுமே பத்து எழுத்துகளை எடுத்துக்கொள்கிறது. எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய் வினைமுற்றைக் கடைசியில் வைப்பதால், யார் என்ன செய்ய வேண்டும் என்பதே முடிவில்தான் தெரிகிறது.

நான்காம் படி, திருத்தி எழுதி மீண்டும் எண்ணுவது:

“காப்பிப் பழத்தைப் பறித்த உடனே தண்ணீரில் போடுங்கள். மிதப்பதை எடுத்துத் தனியே வையுங்கள். மூழ்கிய பழத்தை அன்றைக்கே பல்பரில் இடுங்கள்.”

இப்போது மூன்று வாக்கியங்கள், 15 சொற்கள், 67 எழுத்துகள். வாக்கியத்துக்கு 5 சொற்கள், சொல்லுக்கு 4.47 எழுத்துகள், ஏழெழுத்துச் சொல் ஒன்றுகூட இல்லை. குறியீடுகள் 130 ஆகக் குறைந்ததால் குறுஞ்செய்தியும் இரண்டு பகுதிகளில் அடங்கிவிடுகிறது. சொற்களின் எண்ணிக்கை ஒன்று கூடியும் பத்தி எளிதாகியிருப்பதைக் கவனியுங்கள். ஃபிளெஷ் வாய்பாடோ இதற்கும் கழித்தல் 52 என்றே சொல்லும்.

“தோல் நீக்கும் இயந்திரம்” என்பதைத் தோட்டத்தில் எல்லோரும் சொல்லும் “பல்பர்” என்று மாற்றியதன் பயன் எந்த எண்ணிலும் முழுமையாகத் தெரியாது. சொல் பழகியதா இல்லையா என்பதை எழுத்தின் நீளம் காட்டாது. அதற்குத்தான் ஐந்தாம் படி: படிப்பவரிடமே சோதிப்பது.

சில பக்கம் நீளும் கட்டுரையானால், வில்சன் டெய்லர் 1953இல் முன்வைத்த முறையைத் தமிழிலும் கையாளலாம். ஒவ்வொரு ஐந்தாம் சொல்லையும் அழித்துக் கோடிட்டுக் கொடுத்து, படிப்பவரை நிரப்பச் சொல்லுங்கள். எத்தனை இடங்களைச் சரியாக நிரப்புகிறார் என்பதே அளவு. தமிழில் ஒரு சொல்லுக்குள் வேரும் உருபும் சேர்ந்திருப்பதால், வேர் சரியாக இருந்து உருபு மட்டும் மாறிய விடைகளைத் தனிப் பட்டியலில் குறியுங்கள். இல்லாவிட்டால் புரிந்துகொண்டவரையும் புரியாதவராகக் கணக்கிட நேரும்.

நம்முடையதைப் போன்ற மூன்று வரிக் குறிப்புக்கு அவ்வளவு தேவையில்லை. பறிக்கும் வேலையில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் நிற்கும் இடத்தையும் திரும்பப் படிக்கும் சொல்லையும் பென்சிலால் குறியுங்கள். பிறகு தாளை வாங்கி வைத்துக்கொண்டு, “முதலில் என்ன செய்வீர்கள், அப்புறம் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். மிதந்த பழத்தை என்ன செய்வது என்பதை அவர் சொல்லாமல் விட்டால், இரண்டாம் வாக்கியத்தை மாற்றி எழுதிவிட்டு மறுபடியும் முதல் படியிலிருந்து எண்ணுங்கள்.