டொயோட்டா வாங்கும்போதும் ஏற்காடு ஏறும்போதும் நாம் செய்யும் இன்ஜின் தவறுகள்

போன மாதம் சேலம் கோரிமேட்டில் ஒரு பழைய இன்னோவாவைப் பார்க்க நண்பர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். விற்பவர் பானெட்டைத் தட்டி, "டொயோட்டா இன்ஜின் அண்ணே, அஞ்சு லட்சம் கிலோமீட்டர் அசால்ட்டா ஓடும்" என்றார். நான் ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தேன். இன்ஜின் நம்பர் 2கேடி என்று தொடங்கியது. "டைமிங் பெல்ட் எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டேன். பிஸ்டனின் ஓட்டத்துக்கு ஏற்ப வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பெல்ட் அது, குறித்த காலத்தில் மாற்றியே ஆக வேண்டும்; சில இன்ஜின்களில் அந்த வேலையைச் செயின் செய்யும். "இதுல செயின்தானே அண்ணே!" என்றார். பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியாது. ஏழு வருடம் அந்த வண்டியை ஓட்டியிருக்கிறார்.

மற்ற தவறுகள் பலவும் இங்கிருந்துதான் வருகின்றன. வண்டியின் பெயரைத் தெரிந்து வைத்திருக்கிறோம், உள்ளே இருக்கும் இன்ஜின் எந்தக் குடும்பம் என்று பார்ப்பதில்லை. 2005-ல் வந்த டீசல் இன்னோவாவில் இருப்பது 2கேடி, 2494 சி.சி., டைமிங் பெல்ட். 2016-ல் வந்த இன்னோவா கிரிஸ்டாவில் இருப்பது ஜிடி குடும்பம், டைமிங் செயின். பழைய ஃபார்ச்சூனரின் 3 லிட்டர் 1கேடிக்குப் பெல்ட், அடுத்து வந்த 2.8 லிட்டர் 1ஜிடிக்குச் செயின். எட்டியோஸ் பெட்ரோலின் 2என்ஆர், டீசலின் 1என்டி இரண்டுமே செயின். கிரிஸ்டா வைத்திருக்கும் மச்சான் சொன்னதைக் கேட்டு பழைய இன்னோவாவைப் பராமரித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

குறியீட்டை வாசிப்பதிலும் ஒரு தவறு உண்டு. முன்னால் இருக்கும் எண்ணை லிட்டர் என்றோ, பெரிய எண் என்றால் பெரிய இன்ஜின் என்றோ நினைக்கிறார்கள். அது அந்தக் குடும்பத்தில் எத்தனையாவது பிள்ளை என்று மட்டும்தான் சொல்லும். 1ஜிடி 2.8 லிட்டர், 2ஜிடி 2.4 லிட்டர். பெட்ரோல் டிஆர் குடும்பத்தில் தலைகீழ்: 1டிஆர் 2 லிட்டர், 2டிஆர் 2.7 லிட்டர். பின்னால் வரும் எழுத்துகளுக்கும் அர்த்தம் உண்டு. எஃப்டிவி என்றால் இரட்டை கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ, எல்லா சிலிண்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் தரும் காமன் ரெயில். எஃப்இ என்றால் டர்போ இல்லாத, எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல். இன்னோவா ஹைகிராஸில் இருக்கும் எம்20ஏ மாதிரி புதிய பெயர்களில்தான் நடுவில் வரும் 20 என்பது 2 லிட்டரைக் குறிக்கும்.

டொயோட்டா முத்திரை இருப்பதாலேயே உள்ளே டொயோட்டா இன்ஜின் என்றும் நினைக்க வேண்டாம். கிளான்ஸாவில் இருப்பது சுசுகியின் கே12. ஹைரைடரில் மைல்ட் ஹைபிரிட் (மின் மோட்டார் துணைக்கு மட்டும்) எடுத்தால் சுசுகியின் நாலு சிலிண்டர் கே15சி, ஸ்ட்ராங் ஹைபிரிட் (மின் மோட்டாராலேயே வண்டி ஓடவும் முடியும்) எடுத்தால் டொயோட்டாவின் மூன்று சிலிண்டர் எம்15டி. ஷோரூமில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், ஃபில்டர்கூட ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று நம்பி வாங்காதீர்கள்.

பெல்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அடிபட்டவன். நான் முதலில் வாங்கியது 2கேடி வண்டி. மீட்டரில் டி-பெல்ட் என்றொரு விளக்கு உண்டு, பெல்ட் மாற்றும் நேரம் வந்தால் எரியும். நான் வாங்கும்போது அது அணைந்திருந்தது, அதனால் புதுப் பெல்ட் என்று நம்பிவிட்டேன். அந்த விளக்கைப் பெல்ட்டைத் தொடாமலேயே ரீசெட் செய்ய முடியும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் அதிகாலை, ஏற்காடு அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி நாலாவது கொண்டை ஊசி வளைவில், 'டப்' என்று ஒரே ஒரு சத்தம். வண்டி அப்படியே அடங்கிவிட்டது. கவரைக் கழற்றியபோது பல் உதிர்ந்த பெல்ட் பாம்புச் சட்டை மாதிரி சுருண்டு கிடந்தது. இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். வால்வு வளைந்து, அதை அழுத்தும் ராக்கர் உடைந்து, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டையே இறக்க வேண்டியதாயிற்று. சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. பில் இல்லையென்றால் பெல்ட் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், அதை வழிநடத்தும் ஐட்லர் உருளை இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். புதுப் பெல்ட்டைப் பழைய பேரிங்கின் மேல் ஓட விடுவதில் மிச்சம் எதுவும் இல்லை.

கேடி குடும்பத்துக்கே உரிய இன்னொரு பலவீனம், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர். மோதிரம் அளவுதான் இருக்கும். அது தேய்ந்து கசிந்தால் எரிந்த வாயு மேலே ஏறி ஆயிலில் கலக்கும். ஆயில் தார் மாதிரி கெட்டியாகி, அடித்தொட்டியான சம்ப்பில் இருக்கும் ஆயில் ஸ்ட்ரெய்னர் வலையை அடைத்துவிடும். பிறகு ஆயில் பிரஷர் விழும், பேரிங் போகும். மக்கள் செய்யும் தவறு, "ஆயில் கறுப்பா இருக்கு, டீசல் வண்டின்னா அப்படித்தான்" என்று விட்டுவிடுவது. கறுப்பு சகஜம்தான். ஆனால் ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே கட்டி கட்டியாகக் கரி ஒட்டியிருந்தால் அது சகஜமில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் தலையிலிருந்து 'ச்சஃப் ச்சஃப்' என்று காற்று விடும் சத்தம் கேட்டாலும் உடனே காட்டுங்கள். இன்ஜெக்டரைக் கழற்றினால் பழைய வாஷரையே திரும்பப் போட விடாதீர்கள்.

கூலன்ட் விஷயத்தில் சேலத்துக்காரர்கள் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். நம்மூர் போர் தண்ணீரை ஒரு வாரம் பாத்திரத்தில் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாக எவ்வளவு உப்பு படிகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதே தண்ணீரைத்தான் ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்ட் ஏற்கெனவே தண்ணீர் கலந்து வருவது, அதில் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்கக் கூடாது. அவசரத்துக்குக் கேன் வாட்டர் ஊற்றினால்கூட மலையிறங்கியதும் முழுவதையும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

இனி மலை. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த உயரத்தை ஏறுகிறோம். மேலே காற்று மெலிவதால் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும், டர்போ டீசல் பெரும்பாலும் சமாளித்துவிடும். குதிரைசக்தியை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். கிரிஸ்டா 2.7 பெட்ரோலுக்கு 166, 2.4 டீசலுக்கு 150. ஆனால் இழுவிசை (டார்க்) பெட்ரோலுக்கு 245 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000 ஆர்.பி.எம்.மில். மேனுவல் கியர் டீசலுக்கு 343, அதுவும் 1,400-லேயே. ஏழு பேரும் லக்கேஜும் ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்பி எழும்பும்போது கைகொடுப்பது இந்த இழுவிசைதான். வாரம் ஒரு முறை எஸ்டேட்டுக்குப் போகிறவர் டீசல் எடுக்கலாம். டவுனுக்குள்ளேயே சுற்றுபவருக்குப் பெட்ரோலோ ஹைபிரிடோ போதும்.

இறங்கும்போது நியூட்ரலில் விடும் பழக்கத்தை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. எரிபொருள் மிச்சம் என்கிறார்கள், அது தவறு. வண்டி கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய இன்ஜின்கள் எரிபொருளை முழுக்க நிறுத்திவிடும், நியூட்ரலில் ஐடிலிங்குக்காவது குடிக்கும். இன்னும் சிலர் சாவியையே அணைக்கிறார்கள். அப்போது இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக்குக்குத் துணை விசை தரும் பூஸ்டரில் வேக்குவம் (வெற்றிடம்) தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், ஸ்டீரிங்கும் இறுகிவிடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். தொப்பூர் கணவாயிலும் இதே கணக்குதான். மேலே போய்ச் சேர்ந்ததும், ஏரிக்கரையில் நிறுத்தும் முன், டர்போ வண்டியை ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ். 6 (புகை மாசு விதி) டீசல் டொயோட்டாவில் சைலன்சர் வழியில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கிறது. ஊருக்குள்ளேயே ஐந்து ரோட்டிலிருந்து நாலு ரோடு, அங்கிருந்து பள்ளிக்கூடம் என்று மட்டும் ஓட்டினால் அது சூடேறாது, கரி சேரும்.  விளக்கு எரிந்தால் ஓமலூர் தாண்டித் தொப்பூர் வரை சீரான வேகத்தில் ஒரு ஓட்டம் ஓட்டி வாருங்கள். பழைய இன்னோவாவுக்கு மிச்சமான 15டபிள்யூ-40 ஆயிலை இதில் ஊற்றாதீர்கள். சாம்பல் குறைவாக விடும், கையேட்டில் போட்டிருக்கும் தரம்தான் வேண்டும்.

செயின் என்றால் ஆயுசுக்கும் கவலையில்லை என்பதும் முழு உண்மை இல்லை. செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் வேலை செய்வது ஆயில் பிரஷரில். ஆயில் மாற்றாமல் இழுத்தடித்தால் செயின் தளர்ந்து, காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகள் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வரும்.

கோரிமேட்டு வண்டியை நண்பர் வாங்கிவிட்டார். பெல்ட் கவரைத் திறந்து பார்த்தோம், பெல்ட்டின் முதுகில் குறுக்கே மயிரிழை வெடிப்புகள். விற்பவரே அதைப் பார்த்துவிட்டு விலையைக் குறைத்துக்கொண்டார். பெல்ட், டென்ஷனர், ஐட்லர், நாலு செம்பு வாஷர், கூலன்ட் எல்லாம் மாற்றிய பிறகுதான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனார்.