மாத்திரையா, ஊசியா? சர்க்கரை நோயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாத்திரை என்றால் லேசான சர்க்கரை, ஊசி என்றால் முற்றிவிட்டது: இரண்டாம் வகை நீரிழிவில் முதல் தவறே இந்தக் கணக்குதான். நோய் தெரியவரும்போதே ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 10-க்கு மேல் இருந்தாலோ, சர்க்கரை 300-ஐத் தாண்டி உடல் இளைத்தாலோ, எடுத்த எடுப்பிலேயே இன்சுலின் தொடங்குவதுண்டு. சர்க்கரை அடங்கிக் கணையம் தேறியதும் மாத்திரைக்குத் திரும்புகிறவர்கள் பலர். ‘போட்டால் ஆயுசுக்கும் ஊசிதான்’ என்று பயந்து தள்ளிப்போட வேண்டாம்.

எல்லா ஊசியும் இன்சுலின் அல்ல. வாரம் ஒருமுறை போடும் செமகுளுடைடு பசியையும் எடையையும் குறைக்கும். அதை மட்டும் எடுப்பவருக்குத் தாழ்சர்க்கரை வருவது அபூர்வம். கிளிமிபிரைடோ மாத்திரைதான், ஆனால் ஒரு வேளைச் சாப்பாடு தள்ளிப்போனாலே சர்க்கரையை 70-க்குக் கீழே இறக்கிவிடக்கூடும். எனவே எந்த மருந்து என்று பாருங்கள். விழுங்குவதா குத்துவதா என்பது அடுத்த கேள்வி. செமகுளுடைடு மாத்திரையாகவும் வருகிறது. வெறும் வயிற்றில், 120 மி.லி.க்கு மிகாத தண்ணீரில் விழுங்கி 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். காபியோடு போட்டால் மருந்து சரியாக உடலில் சேராது.

மிக ஆபத்தான தவறு சிரிஞ்சில் நடக்கிறது. நம் மருந்துக்கடைகளில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் ‘20’ வரை இழுத்தால் உடலுக்குள் போவது 8 யூனிட்தான். மாற்றி, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் ‘20’ இழுத்தால் 50 யூனிட் போய்விடும், உயிருக்கே ஆபத்து. வாங்கும்போதே குப்பியின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோலடியில் கட்டி தட்டும். அங்கே போடும் இன்சுலின் ஒருநாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. டோஸ் போதவில்லை என்று கூட்டிக்கொண்டே போவார்கள். முந்தைய இடத்திலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போடுங்கள்.

ஊசி வந்துவிட்டதென்று மெட்ஃபார்மின் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே தொடரும். கிளிமிபிரைடை மட்டும் டாக்டர் குறைக்கவோ நிறுத்தவோ கூடும், கேளுங்கள்.

டபாகிளிஃப்ளோசின் போன்ற, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை எடுப்பவர் வாந்தி, பட்டினி, அறுவை சிகிச்சை நேரங்களில் அதை நிறுத்திவைப்பது பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைக்க வேண்டும். இவர்களுக்கு வாந்தியோடு மூச்சு வாங்கினால், மீட்டரில் சர்க்கரை 200-க்குக் கீழே இருந்தாலும் கீட்டோன் (கொழுப்பு எரியும்போது ரத்தத்தில் சேரும் அமிலம்) பரிசோதனைக்கு உடனே மருத்துவமனை போங்கள்.