பொய்க் கோரிக்கைப் புகார் விசாரணைக்குப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கூட்டரசிடம் பொய்யான பில் கொடுத்துப் பணம் கேட்டதாக எழும் குற்றச்சாட்டுகள் எல்லாமே நீதிமன்றத்துக்குப் போவதில்லை. சிறு தொகை வழக்குகளை அந்தந்தத் துறையே விசாரிக்க 1986-இல் வந்த சட்டம், 2024 டிசம்பரில் திருத்தப்பட்டு நிர்வாகப் பொய்க் கோரிக்கைச் சட்டம் என்ற பெயரைப் பெற்றது. 1,50,000 டாலராக இருந்த உச்சவரம்பு 10 லட்சம் டாலரானதால், முன்பு இந்த வழிக்கே வராத வழக்குகளும் இனி வரலாம்.

புலனாய்வு அறிக்கையைப் படித்துப் போதிய ஆதாரம் உண்டு எனக் கருதும் அந்தத் துறையின் பரிசீலனை அதிகாரி, அட்டர்னி ஜெனரலின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெற்ற பிறகே புகார் மனுவைக் குற்றம் சாட்டப்பட்டவரிடம் சார்வு செய்ய, அதாவது முறைப்படி சேர்ப்பிக்க, முடியும். மனு கைக்கு வந்ததும், விசாரணைத் தேதி தானாக வரும் என்று காத்திருப்பதுதான் பலர் செய்யக்கூடிய முதல் தவறு. சுகாதாரம் மற்றும் மனித சேவைகள் துறையின் விதிகளை எடுத்துக்கொண்டால், 30 நாளுக்குள் தாக்கல் செய்யும் பதில் மனுவே விசாரணைக்கான கோரிக்கையாகக் கொள்ளப்படும். அது வராவிட்டாலும், நீதிமன்றத்துக்கு வெளியே துறை வழக்குகளை விசாரிக்கும் நிர்வாகச் சட்ட நீதிபதியிடம் புகார் போகலாம். ஆனால் சாட்சிகளைக் கேட்பதற்காக அல்ல, குற்றச்சாட்டுகளை உண்மையென்றே வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதுவதற்காக.

புலனாய்வாளருக்கு முன்பே விளக்கக் கடிதம் கொடுத்தாயிற்று என்ற நிம்மதியும் ஆபத்தானது, ஏனெனில் அந்தக் கடிதம் பதில் மனு ஆகாது. பதில் மனுவை நீதிபதிக்கு அனுப்புவதும் பிழை. அது பரிசீலனை அதிகாரியிடம் தாக்கலாக வேண்டும், அவர்தான் புகாரையும் பதிலையும் சேர்த்து நீதிபதிக்கு அனுப்புவார்.

‘எல்லாம் பொய்’ என்ற ஒற்றை வரி போதாது. ஒவ்வொரு குற்றச்சாட்டையும் ஏற்கிறோமா மறுக்கிறோமா என்பதையும், எதிர்வாதங்களையும், வழக்கறிஞர் இருந்தால் அவருடைய பெயர், முகவரி, தொலைபேசி எண்ணையும் மனுவில் எழுத வேண்டும். பழைய பில்களைத் தேடி எடுக்கவே மூன்று வாரம் ஓடிவிட்டதென்றால், பொறுப்பை மறுத்து விசாரணை கோரும் பொதுப் பதிலையும் அவகாச மனுவையும் அதே 30 நாளுக்குள் தாக்கல் செய்யலாம். தக்க காரணம் இருந்தால் நீதிபதி மேலும் 30 நாள் வரை தரலாம். இந்த வாசலைப் பயன்படுத்தாமல், அரைகுறைப் பதிலோடு கடைசி நாளில் ஓடுவானேன்?

‘ஏமாற்றும் எண்ணமில்லை’ என்பதை மட்டுமே நம்பி மனு எழுதுவதும் தவறு. உண்மையைப் பொருட்படுத்தாத அலட்சியமே பொறுப்பாக்கப் போதும் என்பதால், பில்லில் கையெழுத்திடும் முன் அதை யார், எப்படிச் சரிபார்த்தார் என்பதற்கான தாள்களை முதலில் எடுத்து வைக்க வேண்டும்.