நாலாயிரம் பேர் வந்தார்களா? சர்வர் லாக்கைத் தப்பாகப் படிக்கும் விதங்கள்

பூம்பாறையில் மலைப்பூண்டு போட்டு இணையத்தில் விற்கும் அண்ணன் ஒருவர், போன மாதம் கொடைக்கானலுக்கு வந்தபோது லேப்டாப்பை என் முன்னால் திறந்து வைத்தார். "தம்பி, நேத்து ஒரு நாள்ல நாலாயிரம் பேர் வந்துருக்காங்க. பாதிப்பேர் மும்பை. அங்க விளம்பரம் போட்ருவோமா?"

ஆர்டர் எத்தனை என்று கேட்டேன். மூன்று.

அவர் எண்ணியது ஆட்களை அல்ல, லாக் ஃபைலில் உள்ள வரிகளை. தளத்தை வைத்திருக்கும் சர்வர், தன்னிடம் வரும் ஒவ்வொரு கேட்புக்கும் ஒரு வரி எழுதிவைக்கும் கோப்பு அது. ஒருவர் முகப்பைத் திறந்தால் பக்கத்துக்கு ஒரு வரி விழும். அதிலுள்ள ஒவ்வொரு படத்துக்கும் ஃபான்ட்டுக்கும் தனித்தனி வரி. அண்ணனின் முகப்பில் மட்டும் இருபத்தாறு படங்கள், எல்லாம் ஒரே பூண்டு. பக்கங்களை மட்டும் எண்ணியதும் நாலாயிரம் சில நூறாகச் சுருங்கியது.

அதிலும் பாதி பாட்கள், அதாவது ஆள் இல்லாமல் தானாகவே தளங்களைத் திறந்து பார்க்கும் நிரல்கள். கூகுள்பாட், பிங்பாட் போன்ற தேடுபொறி பாட்கள் வந்தால் நல்லதுதான். வேர்ட்பிரஸ் (தளம் அமைக்க உதவும் மென்பொருள்) லாகின் பக்கம் இருக்கிறதா என்று கதவைத் தட்டிப் பார்ப்பவை வேறு ரகம். அண்ணன் தளத்தில் வேர்ட்பிரஸே கிடையாது, அந்த வரிகளில் எல்லாம் 404, அதாவது அப்படி ஒரு பக்கம் இல்லை. வருபவர் தன்னை யார் என்று சொல்லிக்கொள்ளும் பகுதியான யூசர் ஏஜென்டில் கூகுள்பாட் என்று இருந்தாலும் நம்பிவிடக் கூடாது, அந்தப் பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம். ஐபி முகவரியை (இணையத்தில் அந்த இணைப்புக்கு உள்ள எண்) ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸில் (எண்ணை வைத்துப் பெயரைத் தேடும் வழி) தேடினால் கூகுளின் டொமைனில் முடியும் பெயர் வர வேண்டும். அந்தப் பெயரைத் திருப்பித் தேடினால் அதே ஐபி வர வேண்டும்.

சரி, மும்பை? ஏரிக்கரையில் நின்று என் போனில் டேட்டாவைப் போட்டு அவர் தளத்தைத் திறந்தேன். ஐபியை வைத்து ஊர் சொல்லும் சேவை என்னையும் மும்பைக்காரன் ஆக்கிவிட்டது! மொபைல் நிறுவனங்கள் ஏராளமான போன்களை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைக்கின்றன. அந்த ஐபி எந்த ஊர்க் கணக்கில் பதிவாகியிருக்கிறதோ அதுதான் தெரியும். நாடு பெரும்பாலும் சரியாக இருக்கும், ஊரை நம்பிப் பணம் போடாதீர்கள். வேறு ஊர் சர்வர் வழியாக இணைப்பைத் திருப்பிவிடும் விபிஎன் இருந்தால் நாடும் போச்சு. தளத்துக்கு முன்னால் சிடிஎன் (பக்கங்களைப் பல ஊர்களில் நகல் வைத்து வேகமாகக் கொடுக்கும் சேவை) வைத்திருந்தால் லாக்கில் விழுவது அந்த சிடிஎன்னின் ஐபிதான். உண்மையான ஐபியைப் பதியும்படி சர்வரில் தனியாக அமைக்க வேண்டும்.

அடுத்தது ரெஃபரர், எந்தத் தளத்திலிருந்து வந்தார்கள் என்று சொல்லும் பகுதி. (ஆங்கிலத்தில் அந்தப் பகுதியின் பெயரே எழுத்துப்பிழை. இணையப் பக்கங்களைப் பரிமாறும் விதிகளைச் சொல்லும், 1996-இல் வந்த எச்டிடிபி 1.0 ஆவணத்தில் ஓர் எழுத்து விட்டுப்போனது அப்படியே நிலைத்துவிட்டது.) அந்த இடத்தில் வெறும் கோடு இருந்தால், முகவரியை நேராக டைப் செய்து வந்தார்கள் என்று பலர் எழுதிக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சல் செயலியிலோ லிங்கைத் தட்டி வருபவர்களுக்கும் அதே கோடுதான் பெரும்பாலும் விழும். அண்ணனுக்கு வரும் ஆர்டர்களில் முக்கால்வாசி வாட்ஸ்அப் குழுக்களின் வழியாக வருகிறது, லாக்கில் அதன் சுவடே இல்லை. 2020-இல் வந்த குரோம் உலாவியின் 85-ஆம் பதிப்பிலிருந்து வேறு தளங்களுக்குப் பொதுவாக டொமைன் பெயர் மட்டுமே ரெஃபரராகப் போகிறது, எந்தப் பக்கம் என்பது போகாது. என்ன வார்த்தையைத் தேடி வந்தார்கள் என்பதை கூகுள் 2011-இலேயே மறைக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் லாக்கில் அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

"ராத்திரி ஒன்றரை மணிக்கு யார் பூண்டு தேடுறது?" என்றும் அண்ணன் கேட்டார். லாக்கில் நேரத்தின் பக்கத்தில் +0000 என்று இருந்தது, அதாவது அது இந்திய நேரம் அல்ல, உலகப் பொது நேரம் (யுடிசி). ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் காலை ஏழு.

இப்போது வாட்ஸ்அப்பில் போடும் லிங்க்கின் வாலில் ஒரு கேள்விக்குறியும் குழுவின் பெயரும் சேர்த்திருக்கிறோம். பூண்டுப் பையில் ஒட்டும் கியூஆர் கோடுக்குத் தனி வால். அதுவும் லாக்கில் அப்படியே பதிவாகும். முதல் வாரம் கியூஆர் வழியாகப் பதினோரு வருகை. அதில் நான்கு அண்ணன் வீட்டு வைஃபை.