புதுக்கூட்டில் கோழி அடைய மறுக்கிறதா? அந்திப் பொழுதைக் கவனியுங்கள்

கூடு கட்டும் விதம் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. காசு செலவழித்துக் கட்டிய கூட்டுக்குள் கோழி அடைய மாட்டேன் என்கிறதே, அதற்குத்தான் இந்தக் குறிப்பு. வடசென்னையில் எங்கள் தண்டையார்பேட்டை வீட்டுக் கோழிகளுக்கு முருங்கை மரம்தான் சொர்க்கம். இப்போது பொழுது சாய்ந்தால் தாமாகவே கூட்டுக்குப் போகின்றன.

கோழி வருவதற்கு முன்

மலிவு என்று மெல்லிய கோழிவலை வாங்காதீர்கள். நம் பக்கத்துப் பெருச்சாளிகள் அதைக் கடித்துக் கிழித்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்தான் (கம்பிகளைப் பற்றவைத்த கெட்டியான வலை) என் தேர்வு. காசிமேடு, திருவொற்றியூர் போலக் கடற்காற்று அடிக்கும் இடங்களில் வெறும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வலையாகக் கேட்டு வாங்குங்கள். கூட்டின் தளம் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னைத் தெருக்களில் தண்ணீர் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள்.

உள்ளே இரண்டு அங்குல அகலமுள்ள மரச்சட்டத்தைக் குறுக்கே பொருத்துங்கள். முட்டைப் பெட்டியைவிட அது உயரமாக இருக்க வேண்டும். கோழி கிடைப்பதில் உயரமான இடத்தைத் தேடித்தான் அடையும். பெட்டி உயரமாக இருந்தால் இரவெல்லாம் அதில் தூங்கி, எச்சமிட்டு நாசமாக்கிவிடும். கீழே மூன்று அங்குலத்துக்கு உமியோ மரத்தூளோ பரப்பி, பழைய இடத்துக் குப்பையில் ஒரு கைப்பிடி அதன்மேல் தூவுங்கள்.

இரவில் மாற்றுங்கள்

இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது; திமிறாது. இறக்கைகளை உடலோடு அணைத்துத் தூக்கி, சட்டத்தின் மேல் உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.

ஒரு வாரம் திறக்காதீர்கள்

தீனி, தண்ணீர் எல்லாம் உள்ளேயே. இந்த வாரத்தில் தண்ணீர்ப் பாத்திரத்தை மாற்ற வேண்டாம். கோழி அலகால் தட்டினால் சொட்டும் நிப்பிள் குழாய் சுத்தமானதுதான், ஆனால் புது இடத்தில் மிரண்டிருக்கும் கோழிக்கு அதையும் சேர்த்துப் பழக்க முயன்றால் தாகத்தில் வாடும். பழைய மண்சட்டியே போதும். முட்டை நின்றுபோனால் பதற வேண்டாம், இடம் மாறினால் அப்படித்தான். பெட்டிக்குள் ஒரு டேபிள் டென்னிஸ் பந்தைப் போட்டு வையுங்கள். முட்டையிடும் இடம் அதுதான் என்று பிடிபடும்.

தீனி பற்றி ஒரு வார்த்தை. கருவாட்டுக் கழிவு எளிதாகக் கிடைக்கிறது என்று அள்ளிப் போடுகிறவர்கள் நம் பகுதியில் உண்டு. அதிலுள்ள உப்பு கோழிக்கு நஞ்சு. குருணையும் கம்பும் போடுங்கள்.

முதல் முறை திறந்துவிடுவது

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ஒரு வாரம் முடிந்ததும் காலையிலேயே திறந்துவிடுகிறார்கள். கோழி நாள் முழுக்க மேய்ந்து, வயிறு நிறைந்து, அந்தியில் பழைய மரத்துக்கோ பக்கத்து வீட்டு சன்ஷேடுக்கோ போய்விடும்.

சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது திறந்துவிடுங்கள், அன்று மதியத் தீனியைக் குறைத்துவிட்டு. கடிகாரத்தை நம்பாதீர்கள். சென்னையில் டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது, ஜூனில் ஆறரையைத் தாண்டுகிறது. கொஞ்சம் உலவியதும் தீனி டப்பாவைக் குலுக்கிக் கூட்டுக்குள் கொட்டுங்கள். பசியோடு ஓடி வரும். அடுத்தடுத்த நாட்களில் திறக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னுக்குக் கொண்டுவரலாம்.

அப்படியும் வாசலிலேயே தயங்கி நின்றால், உள்ளே வெளியைவிட இருட்டாக இருக்கிறது என்று பொருள். சட்டம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் கோழி உள்ளே நுழையாது. சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்றை உள்ளே போடுங்கள். எல்லாம் சட்டத்தில் ஏறி அமர்ந்த பிறகே அணைக்க வேண்டும். அவசரப்பட்டால் தரையில் நிற்கும் கோழி ஏற வழி தெரியாமல் அங்கேயே சுருண்டுவிடும்.

மரத்தில் ஏறிவிட்டால் துரத்தாதீர்கள். துடைப்பத்தோடு ஓடினால் கூட்டின் மேலேயே அதற்குப் பயம் வந்துவிடும். நன்றாக இருட்டட்டும். பிறகு ஏணி போட்டு இறக்கிச் சட்டத்தில் வையுங்கள். மறுநாளும் இதையே செய்ய வேண்டியிருக்கும். சலிப்பில் ஒருநாள் விட்டால் மரப்பழக்கம் திரும்பிவிடும்.

பின்சேர்க்கை

இதைப் படித்த சிலர் மொட்டைமாடிக் கூடு பற்றிக் கேட்டார்கள். தகரக் கூரை மட்டும் போட்டால் மே மாத வெயிலில் கோழி உள்ளே நுழையாது. மேலே தென்னங்கீற்று வேய்ந்து, பக்கவாட்டில் காற்றுக்கு இடம் விடுங்கள்.

கொருக்குப்பேட்டை வாசகர் ஒருவரின் தெருவில் இறுதி ஊர்வலத்துக்குப் போட்ட பறையும் வெடியும் கேட்டு, பழகியிருந்த கோழிகள் மீண்டும் கூட்டை விட்டு ஓடியிருக்கின்றன. சத்தம் வரப்போவது தெரிந்தால் கோழிகளை அடைத்து, தெருப்பக்கம் மட்டும் சாக்குத் தொங்கவிடுங்கள். மறுபக்கம் காற்றுக்குத் திறந்திருக்கட்டும். மிரண்டு போனவற்றை இரண்டு நாள் அடைத்து வைத்து, மறுபடியும் அந்தித் திறப்பிலிருந்தே தொடங்குங்கள்.

புதிதாக வாங்கிய கோழியானால் மூன்று வாரமாவது தனியே வைத்திருந்து, பிறகே பழைய கோழிகளோடு சேர்த்துவிடுங்கள். வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய் வந்தால் கூட்டில் ஒன்றும் மிஞ்சாது. தடுப்பூசிக்கு அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.