ஷோல்டரில் வண்டியை ஒதுக்குமுன்

நாலுவழிச்சாலையில் இடப்பக்க வெள்ளைக்கோட்டுக்கு வெளியே இருக்கிற தார்ப்பட்டைதான் ஷோல்டர். அகலம் பொதுவாக ஒன்றரை மீட்டர். அதற்கும் அப்பால் மண் ஓரம். பழுதான வண்டி அவசரத்துக்கு ஒதுங்க விட்ட இடம் இது. நெல்லை மாவட்டத்தில் கங்கைகொண்டானிலிருந்து காவல்கிணறு வரை அதை டீ குடிக்க நிறுத்தவும், எள்ளுக் காயப்போடவும் வைத்திருக்கிறோம்.

“கோட்டுக்கு வெளியதானே நிக்கு” என்பதுதான் பெரிய தப்பு. லாரியின் அகலம் சுமார் இரண்டரை மீட்டர். தார் ஓரத்தில் மட்டும் நிறுத்தினால் ஒரு மீட்டர் லாரி ஓடுபாதைக்குள் நிற்கும். காருக்கே ஒன்றேமுக்கால் மீட்டர் வேண்டும். வலக்கதவைத் திறந்தால் கதவு முழுக்கப் பாதையில்தான். மண் கெட்டியாக இருந்தால் இடச்சக்கரங்களை அதில் இறக்கி நிறுத்த வேண்டும். லாரி நிறுத்துமிடம் வரைக்கும் உருட்ட முடிந்தால் அதுவே மேல்.

எச்சரிக்கை முக்கோணத்தைப் பம்பருக்கு அடியில் சாய்த்து வைத்துப் பயனில்லை. 80 கி.மீ. வேகத்தில் வருகிற வண்டி நொடிக்கு 22 மீட்டர் கடக்கும். குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள். வளைவு, பாலத்து இறக்கம் என்றால் 100. நாலு இண்டிகேட்டரும் எரியட்டும். ஆட்கள் இடக்கதவு வழியாக இறங்கி, சாலையை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். வண்டிக்குப் பின்னால் நின்று போன் பேசக்கூடாது. உதவிக்கு நெடுஞ்சாலை உதவி எண் 1033. வேப்பங்கொப்பும் கல்லும் வைத்துவிட்டு, வண்டி கிளம்பியதும் கல்லை அங்கேயே விட்டுப் போகிறார்களே, இரவில் பைக்கில் வருகிறவன் விழுவது அதில்தான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் அரித்துத் தார் விளிம்பு படியாக நிற்கும். சக்கரம் இறங்கிவிட்டால் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்காதீர்கள். டயர் விளிம்பில் உரசிப் பிடித்திருந்து, ஏறிய வேகத்தில் வண்டி வலப்பாதைக்கே பாயும். ஆக்ஸிலரேட்டரை விட்டு, நேராகப் பிடித்து, வேகம் நன்றாகக் குறைந்தபின், பின்னால் பார்த்து ஏற்றுங்கள்.

பணகுடிப் பக்கம் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற மேல்காற்று. கன்னியாகுமரிக்குப் போகிற பைக்கை ஷோல்டர் பக்கமும், திரும்பி வருகிற பைக்கைச் சென்டர் மீடியன் பக்கமும் தள்ளும். விளிம்பை ஒட்டியே ஓட்டினால் தப்ப இடமிருக்காது.

யூடர்ன் தூரம் என்று ஷோல்டரில் எதிர்த்திசையில் வருவது 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவில் அபாயகரமான ஓட்டுதலுக்குள் வருகிறது. சர்வீஸ் ரோடு இருந்தால் அதில் போங்கள். அதிலும் ஒருவழிப் பலகை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.